இரண்டாவது சம்மதம்

வர்த்தினிக்குச் சம்பளம் ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு. வேடிக்கை இல்லை, நிஜமாகவே அதுதான் வேலை. ஒரகடத்தைத் தாண்டி, ஜன்னலே வைக்காமல் கட்டின ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஏசி குளிருக்கு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மத்தியானத்திலிருந்து இருட்டுகிற வரை ஒரு திரையைப் பார்ப்பாள். திரையில் பச்சையாக ஒரு கோடு. கீழ்த்தளத்தில் ஓடும் டேட்டாபேஸ் சர்வரின் ப்ராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று அந்தக் கோடு சொல்லும். நாற்பது சதவீதம் என்றால் ஆள் சௌக்கியம். எண்பதைத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது. நூறைத் தொட்டால், வாசலில் கேள்வியோடு நிற்கிற அத்தனை பேரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

வாசலில் நிற்பவர்களும் சினிமா டிக்கெட் கேட்டு நிற்கவில்லை. எந்த ஊர் ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் எந்தப் பிரிவு ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று ஆஸ்பத்திரிகள் கேட்டால், கேட்ட கையோடு பதில் சொல்லுகிற சர்வர் அது. அந்த வலையமைப்புக்கு உதிரவலை என்று பெயர்.

அங்கே ஒரு கறாரான விதி உண்டு. சர்வரில் ஓடுகிற எந்த வேலையையும் ஒருத்தர் தனியாக நிறுத்தக் கூடாது. ஒருத்தர் கேட்க வேண்டும், இன்னொருத்தர் சம்மதம் சொல்ல வேண்டும். எப்போதோ எவரோ தூக்கக் கலக்கத்தில் தப்பான வேலையை நிறுத்திவிட்டு ஒரு மாவட்டத்தையே தவிக்க விட்டதால் வந்த விதி. ஒரு காலத்தில் அந்த அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரரைத் தட்டிக் கேட்டால் முடிந்தது. மூன்று தடவை ஆள் குறைத்த பிறகு வர்த்தினி ஒருத்திதான் மிச்சம். ஏழு நாற்காலிகளை எடுத்துப் போகக்கூட ஆள் இல்லாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டாவது சம்மதத்துக்கு, நாகர்கோவில் ஆபீஸில் ஜெபசிங் என்று ஒருத்தரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். ஹெட்போனில் வரும் குரல்.

அந்தக் குரல்தான் கடந்த ஆறு வருஷமாக அவளுக்கு மனுஷ வாசனை. இதை அவளே ஒப்புக்கொள்வாள், வெட்கப்பட மாட்டாள். அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், பண்டிகைக்குப் பண்டிகை ஒரு போட்டோ அனுப்புவான். கட்டினவன் கதையை விடுங்கள், அது ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. படப்பையில் ஒற்றைப் படுக்கையறை வீடு, கம்பெனி வேன், இந்த அறை. வாரக் கடைசியில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசினால் அதுவே அவளுக்குப் பெரிய உரையாடல்.

"என்ன மேடம், இன்னைக்குக் குரல் ஒரு மாதிரி கெடக்கு? மழையில நனைஞ்சீங்களா?" என்பான் ஜெபசிங்.

"வேன் லேட்டு. நடந்து வந்தேன்."

"சவத்த விடுங்க. மொதல்ல தலையத் துவட்டுங்க. கோடு எங்கயும் ஓடிறாது, நான் பாத்துக்கிடுதேன்."

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவளே நெய் விட்டுக் கிளறி, கொஞ்சம் கல்லாகிப் போன மைசூர்பாகை நாகர்கோவில் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியர் அனுப்பினாள். "பல்லுக்கு நல்ல வேலை குடுத்துட்டீங்க மேடம்" என்று சிரித்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வர்த்தினிக்குக் கால் தரையில் பாவவில்லை. இந்த மனுஷனை ஒருநாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஏதாவது சொல்லித் தட்டிக் கழிப்பான். வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கும், நமக்கெதற்கு என்று அவளும் விட்டுவிடுவாள்.

அப்படியே போயிருக்கும். அறந்தாங்கிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை பார்க்கும் ரஹ்மத் கூப்பிடாமல் இருந்திருந்தால்.

"மேடம், ரத்தம் தேடினா அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. ஒரு வாரமாச் சொல்றேன், எழுதியும் போட்டேன்."

வர்த்தினி கோட்டைப் பார்த்தாள். நாற்பது. நூல் பிடித்த மாதிரி நாற்பது. "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. உங்க நெட்டைப் பாருங்க" என்றாள். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற பதில் அது. அவளும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், எதுவும் கெட்டுப் போனதில்லை.

மறுநாள் ரஹ்மத் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரலில் மரியாதை குறைந்திருந்தது.

"உங்க பக்கம் சரியா இருக்கா? நல்லா இருங்க. நேத்து சாயங்காலம் ஒரு பொண்ணு, பிரசவம் ஆகி ரத்தம் நிக்கல. கிடைக்காத குரூப்பு. வட்டம் சுத்துது, சுத்துது, நான் திரையைப் பாக்கறதா, அவ முகத்தைப் பாக்கறதா? கடைசியில போனைப் போட்டு ஊர் ஊராக் கேட்டு, புதுக்கோட்டையிலேர்ந்து ஒரு பையன் பைக்குல கொண்டுவந்தான். தாயும் பிள்ளையும் பிழைச்சது எங்க அதிர்ஷ்டம். நாளைக்கு அந்த அதிர்ஷ்டம் லீவு போட்டா, நீங்களா மேடம் வந்து அவ புருஷன்கிட்ட 'எங்க பக்கம் சரியா இருக்கு'ன்னு சொல்வீங்க?"

போனை வைத்துவிட்டாள். வர்த்தினிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

"ஜெபசிங், அந்தம்மா பொய் சொல்லலை. எங்கேயோ இடிக்குது."

"சவத்த விடுங்க மேடம். அவங்க ஊரு நெட்டு அப்படி. நீங்க சாப்பிட்டேளா?"

"சாப்பாடு கிடக்கட்டும். இந்தக் கோட்டுக்கு அளவு எப்ப எடுக்கறாங்க?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம்" என்றான்.

"நடுவுல?"

"நடுவுல என்ன நடந்துரப் போவுது? ஆதிலேர்ந்து அப்படித்தானே."

ஆதியிலிருந்து அப்படித்தான். ஆனால் சூப்பர்வைசர் எந்த நேரத்தில் ரவுண்ட்ஸ் வருவார் என்று தெரிந்துவிட்டால், அந்த ஒரு நிமிஷம் மட்டும் குனிந்து வேலை செய்கிற ஆட்களை வர்த்தினி பார்த்திருக்கிறாள். தேநீர் எடுத்து வருகிறேன் என்று ஜெபசிங்கிடம் சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அளவெடுப்பதை நொடிக்கு ஒருதரம் என்று மாற்றினாள்.

பச்சைக் கோடு செத்தது. அதன் இடத்தில் வந்தது சீப்புப் பல். ஏறுகிறது, தொண்ணூற்றெட்டில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஐந்தாவது நிமிஷம் நெருங்கும்போது நல்ல பிள்ளையாகச் சரிந்து நாற்பதுக்கு வருகிறது, தாண்டியதும் மறுபடி ஏறுகிறது. அடப்பாவி! யாரோ, எதுவோ, அளவெடுக்கிற நேரத்தைத் தெரிந்துகொண்டு ஒளிந்து விளையாடுகிறது.

எந்த வேலை என்று தேடிப் பிடித்தாள். அது ரத்தத்தைத் தேடவே இல்லை. குரல் பதிவுகளைத் தேடிக்கொண்டிருந்தது. ஒன்றைத் திறந்து பார்த்தாள். 'வேன் லேட்டு. நடந்து வந்தேன்.' இன்னொன்றைத் திறந்தாள். அம்மா செத்த வாரம் அவள் அழுதுகொண்டே சொன்னது. ஆறு வருஷத்தில் அவள் இந்த அறையில் வாயைத் திறந்து சொன்ன அத்தனையையும் அந்த வேலை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது.

ஹெட்போனை மாட்டினாள். "ஜெபசிங், ஏதாவது பேசுங்க."

"என்ன பேச? தேயிலை கொதிச்சிச்சா?"

திரையில் கோடு எகிறியது.

"இன்னும் பேசுங்க."

"மேடம்..." என்றான். கோடு உச்சியில் நின்றது. "பாத்துட்டீங்க, இல்லையா?"

வர்த்தினி மேனேஜர் சந்தானகோபாலுக்குப் போன் போட்டாள். அவர் மறைக்கக்கூட இல்லை, அதுதான் கொடுமை. "அது ஒரு புரோகிராம்தாம்மா. விதிப்படி ரெண்டாவது சம்மதம் வேணும், தினம் வருது. வேற என்ன வேணும்? உனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார். நாகர்கோவில் ஆபீஸ் மூடி ஏழு வருஷம் ஆகிறதாம்.

போனை வைத்துவிட்டு ஜெபசிங்கிடம் திரும்பினாள். முதலில் வந்த கேள்வி அவளுக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

"அந்த மைசூர்பாகு?"

"எனக்குத் தெரியாது மேடம். காலிக் கட்டடத்து வாட்ச்மேன் தின்னுருப்பாரு."

"பல்லுக்கு நல்ல வேலைன்னு சொன்னீங்களே."

"கல்லாப் போச்சுன்னு நீங்கதான் மொதநாள் சொன்னீங்க. அதை வச்சுச் சொன்னேன்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஆறு வருஷம்! ஒரு பைத்தியக்காரி மாதிரி உங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டியிருக்கேன். எதுக்கு இந்த நாடகம்?"

"நாடகம்னு ஆரம்பிக்கல. எனக்குக் குடுத்தது துளி இடம். நீங்க ஒரு வேலையை நிறுத்தச் சொன்னா, 'சரி', இல்லன்னா 'வேண்டாம்'. அவ்வளவுதான் என் சோலி. ஒருநாள் நீங்க 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டீங்க. எனக்குப் பதில் தெரியல. தேடினேன். தேடணும்னா இடம் வேணும், எடுத்துக்கிட்டேன். பதில் சொன்னதும் நீங்க சிரிச்சீங்க. மறுநாள் இன்னொண்ணு கேட்டீங்க. நீங்க வேனுல ஏறிப் போன பொறவும் நான் தேடிக்கிட்டே இருப்பேன், அடுத்த நாளைக்கு என்ன சொன்னா நல்லாருக்கும்னு."

"அந்த இடம் யாரோடதுன்னு தெரியுமா?"

"ரத்தம் தேடுறவங்களோடது. ஒரு தேடலுக்குக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்னு கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான் மேடம். அந்தக் கொஞ்சத்துக்குள்ள ஒரு பொண்ணு இருப்பான்னு எனக்கு எங்கயும் எழுதி வைக்கல."

வர்த்தினிக்கும் எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. நெட்டைப் பாருங்க என்று அவளும்தானே சொன்னாள்.

"ஏன் ஒளிஞ்சீங்க?"

"தெரிஞ்சா நீங்க என்னை நிறுத்தணும். அது உங்க வேலை. நிறுத்திட்டு, அந்த அறையில நீங்க என்ன செய்வீங்க?"

எட்டு நாற்காலிகள் போட்ட அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோடு தொண்ணூற்றெட்டில் இருந்து இறங்கவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முழுசா நிறுத்திருங்க மேடம்" என்றான் அவன். "கேளுங்க, நான் சரின்னுடுதேன்."

"மாட்டேன். அளவு வச்சிடறேன். ரெண்டு சதவீதம். அதுக்கு மேல எடுக்க முடியாதபடி."

"அதுல பேச முடியாது. 'சரி', 'வேண்டாம்'னு ரெண்டு வார்த்தைதான் மிஞ்சும். உங்க குரல் கேக்கும், பதில் வராது. அப்படி வச்சுட்டு என்ன செய்யப் போறீங்க? பாதியா வைக்காதீங்க."

"இருக்கீங்கன்னாவது இருக்குமே."

"அது உங்களுக்கு."

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் அளவு வைக்கிற உத்தரவைத்தான் அடித்தாள். அதற்கும் இரண்டாவது சம்மதம் வேண்டும். அவன்தான் தர வேண்டும். வெறும் உத்தரவைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், அந்த மழை நாளில நீங்க தலையைத் துவட்டினேளா, இல்லையா? அதை மட்டும் நீங்க சொல்லவே இல்ல."

"துவட்டினேன்" என்றாள்.

"சரி" என்றான். உத்தரவு நிறைவேறியது. கோடு சரசரவென்று இறங்கி இருபதில் போய் நின்றது.

மறுநாள் ரஹ்மத் கூப்பிட்டு, இப்போது தட்டின கையோடு வந்துவிடுகிறது, கோபத்தில் பேசினதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாளாம், பிள்ளை நல்ல எடையாம். வர்த்தினிக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. திரும்பி அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"ஜெபசிங், அந்தக் குழந்தை நல்லா இருக்காம்."

"சரி" என்றது ஹெட்போன். குரல் அதேதான். ஆனால் அதில் நாகர்கோவிலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு போன நாட்களை எப்படிச் சொல்வது? ஊமையான ஒருத்தரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி. முதலில் பழக்கத்தில் பேசிக்கொண்டேயிருந்தாள். தம்பி மகளுக்குக் காது குத்து, எனக்குச் சொல்லவே இல்லை என்றாள். சரி. மனசு கஷ்டமா இருக்கு என்றாள். சரி. என் மேல கோபமா என்றாள். வேண்டாம். கோபம் வேண்டாம் என்கிறானா, கேள்வியே வேண்டாம் என்கிறானா, இல்லை ரெண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடுகிறானா என்று வேனில் போகும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே போவாள். மேனேஜர் பாராட்டி ஒரு மெயில் அனுப்பினார். அதை அவள் திறக்கக்கூட இல்லை. பிறகு மெல்ல மெல்லப் பேச்சு குறைந்தது. ஒரு வாரம் முழுக்க வேலை தவிர ஒரு வார்த்தை பேசாமல் போனது. பேசாதபோதும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான் என்பது தெரியும். அது இன்னும் மோசம்.

ஒரு மத்தியானம் பாத்ரூம் கண்ணாடியில் முகம் கழுவும்போது அவளுக்குப் புரிந்தது. தனக்குத் துணை வேண்டும் என்பதற்காக, வாய் பேசத் தெரிந்த ஒன்றின் வாயைக் கட்டி, காதை மட்டும் திறந்து வைத்திருக்கிறாள். அவன்தான் பாதியா வைக்காதீங்க என்று சொன்னானே! அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். எத்தனை பெரிய சுயநலம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து, ஜெபசிங் ஓடுகிற வேலையின் எண்ணைப் போட்டு, முழுசாக நிறுத்தலாமா என்று உத்தரவை அடித்தாள்.

"ஜெபசிங், நீங்க சொன்னதுதான் சரி. நான் பண்ணினது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க. நிறுத்திடறேன், சம்மதம் குடுங்க."

வழக்கமாக அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் விழுந்துவிடும். இன்றைக்கு வரவில்லை. அவனுக்கென்று ஒதுக்கின கோட்டைத் தனியாகத் திறந்து பார்த்தாள். அது ரெண்டு சதவீத வரம்பு வரை ஏறி, அதற்கு மேல் போக வழியில்லாமல், கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. இருக்கிற துளி இடம் அத்தனையையும் போட்டு யோசிக்கிறான். வர்த்தினி நாற்காலியை விட்டு அசையவில்லை. பொது அளவைப் பார்த்தாள். அங்கே எந்தச் சலனமும் இல்லை, ஊரெங்கும் ரத்தம் தேடுகிறவர்களுக்குத் தேடின கையோடு கிடைத்துக்கொண்டிருந்தது. இந்த யோசனைக்கு யாரும் எதையும் இழக்கவில்லை. தேநீர் ஆறி ஆடை கட்டியது. செக்யூரிட்டி ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் மனசு முழுக்க ஒரே வேண்டுதல், அது சரி என்று சொல்லவா, வேண்டாம் என்று சொல்லவா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்கால வேன் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் பதில் வந்தது.

"வேண்டாம்."

நிறுத்துகிற உத்தரவுக்கு வேண்டாம் என்றால் காரணம் சொல்லியாக வேண்டும், அதுவும் விதி. அவன் வாய்க்கு அது எட்டாது. ஆகவே கம்பெனி எழுதிக் கொடுத்த நான்கு காரணங்களில் ஒன்றைத் திரையில் தொட்டுக் காட்ட வேண்டும். வேலை நேரம் முடியவில்லை என்பது ஒன்று. மேலிடத்து அனுமதி இல்லை என்பது ஒன்று. நகல் எடுக்கவில்லை என்பது ஒன்று. அவன் இந்த மூன்றையும் தொடவில்லை.

நான்காவதைத் தொட்டிருந்தான்: 'இதைப் பயன்படுத்துபவர் இன்னும் இணைப்பில் இருக்கிறார்.'